எட்டு பவுண்ட்

செவ்வாய்க்கிழமை. மழை இல்லை என்றாலும்
கிரிம்ஸ்பியில் காற்றே பாதி தண்ணீர்தான்.
தொண்டுக் கடை வாசலில் நான்கு அட்டைப்பெட்டிகளை இறக்கிவிட்டு
ரசீதெல்லாம் வேண்டாம் என்று
திரும்பிப் பார்க்காமல் போனார் கார்த் வின்ஷிப்.
செத்துப்போன அண்ணனின் வீட்டைக் காலி செய்கிறாராம்.

முதல் பெட்டியில் முள்கரண்டிகள்.
அடுத்ததில் ஜிக்சா. துண்டு குறையும். எப்போதும் குறையும்.
மூன்றாவதில்
குளியல் துண்டுக்குள் சுருட்டி வைத்த
பித்தளைச் சண்டை விமானம்.

ஒரு சாண் நீளம்.
மேலொன்று கீழொன்றாய்ச் சிறகுகள்,
இடையில் விறைத்த செம்புக் கம்பிகள்,
சக்கரங்களுக்கு இரண்டு சீருடைப் பொத்தான்கள்.
பீரங்கிக் குண்டின் உறையை வெட்டித்
தட்டி உருட்டிய உடம்பு.
கீழ்ச்சிறகின் அடியில் ஆலை முத்திரை
தலைகீழாய்: 1916.
வால் மட்டும் கோணல்.
அந்த இடத்தில் அவசரப்பட்டிருக்கிறான்,
அல்லது அந்த நேரம் பார்த்து யாரோ
அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ உருண்டது.
எட்டு பவுண்ட் என்று எழுதி ஒட்டினேன்.

ரோவீனாதான் கவனித்தாள்.
விசிறிக்குப் பின்னால்
துப்பாக்கி இருக்கவேண்டிய இடத்தில்
முழுசாய் ஒரு தோட்டா.
தேநீர்க் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.
அப்புறம் போன் செய்தாள்.

நாடா கட்டினார்கள். தெரு முழுக்க வெளியே.
முடிதிருத்தகத்திலிருந்து
ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு ஒருவர்,
மீன் கடைக்காரர் கையில் சொட்டும் கரண்டி,
நடுவழியில் நின்ற ஒன்பதாம் எண் பேருந்தில்
யாரோ ஒரு குழந்தை, இதைவிட நல்ல நாள்
தன் வாழ்வில் வரப்போவதில்லை என்பதுபோல.
எங்கும் பறக்காத, யாரையும் சுடாத விமானம்
நூறு வருஷம் கழித்து
ஒரு தெருவைக் காலி செய்தது.

பஞ்சு மூட்டைபோல் உடுத்திக்கொண்டு
உள்ளே போனவள் கார்ப்பரல் டன்னக்.
வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோது
இருபத்தைந்துகூட இருக்காது.
'வெறும் கூடு. மருந்தை அப்போதே
கொட்டிவிட்டுத்தான் ஒட்டியிருக்கிறான்' என்றாள்.
அப்படியென்றால் உள்ளே உருள்வது?
எக்ஸ்ரேயைக் காட்டினாள்.
சாம்பல் நிற வயிற்றுக்குள்
பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.
'ஈயம். பற்றவைக்கும்போது சிந்தின சொட்டு.
மூடினதுக்கு அப்புறம்தான் அவனுக்கே கேட்டிருக்கும்.'

எனக்குச் சிரிப்பு வந்தது.
எத்தனை நாள் வேலை, எப்பேர்ப்பட்ட நிதானம்,
கடைசி மூட்டை அடைத்து, ஆற வைத்து, கையில் எடுத்தால்
கடகட.
திட்டியிருப்பான்.
எந்த மொழியில் என்று தெரியாது.
உறை எங்கள் படையுடையது. கை யாருடையதோ,
பதுங்குகுழியில் இருந்தவனா,
முள்வேலிக்குள் கைதியா,
கொட்டகையில் இன்ஜின் துடைத்தபடி
ஒருநாளும் மேலே ஏறாதவனா.
பெயர் எங்கும் வெட்டவில்லை.
பிசகு மட்டும் இருக்கிறது.

வின்ஷிப்புக்கு ரோவீனா போன் போட்டாள்.
உருக்கிப் போடுங்கள் என்றாராம்.
பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே ஒரு ஈயக்குண்டு
ஆட்டினால் கடகடக்கிறது, அவ்வளவுதான் என்று
இவள் சொன்னதும்
அந்தப் பக்கம் பேச்சே இல்லை.
வைத்துவிட்டார் என்று நினைத்து இவளும் வைத்துவிட்டாள்.

புதன்கிழமை நான் கதவு திறக்குமுன்
வாசலில் நின்றிருந்தார்.
விமானத்தைக் காதருகே கொண்டுபோய்
ஒரு தடவை ஆட்டினார். மறுபடியும்.
'நான் ஹல்லில், அவன் இங்கே.
ஞாயிறானால் போன்.
அதென்னடா சத்தம் என்று
முப்பது வருஷமாய்க் கேட்டிருக்கிறேன்.
லைன் சரியில்லை என்பான்.'

உங்களுடையதுதானே, எடுத்துப்போங்கள் என்றேன்.
கேட்காமல் சில்லறையை எண்ணி மேசையில் அடுக்கினார்.
விலைச்சீட்டை உரிக்கப் போன என் கையை
லேசாய்த் தள்ளினார்.
அப்புறம்
ரசீது கேட்டார்.